பெயர் மட்டும் மலை இறங்கினால்

போன ஐப்பசி மழையோடு என் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. வாங்கி இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. குன்னூர் மார்க்கெட் பக்கம் ரேடியோ, மிக்ஸி, ஸ்பீக்கர் எல்லாம் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் மேஜையில் ஏற்கெனவே ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் கிடந்தது. ஏதோ எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்ததாம், நாற்பது வருடத்துப் பொருள். கோனை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் மலை ஈரத்தில் ஊறி, தொட்டால் கையோடு வருகிற அளவுக்குப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது வளையம் ஒட்டி, இரண்டு கட்டைவிரலையும் கோன் மேல் வைத்து மெதுவாக அமுக்கிப் பார்த்தார். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசினால் கரகரவென்று கேட்கும். கேட்கவில்லை.

அப்புறம் என்னுடையதை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கேயும் ஸ்குரூ இல்லை. பிளேடைச் சூடுபடுத்தி வலைத்துணியை நெம்பி எடுத்தால், அதற்குக் கீழேயும் பசை. "தம்பி, இது கழட்டுறதுக்குன்னு செஞ்சதில்ல, ஒட்டி மூடிட்டாங்க. பேட்டரி உப்பிப்போச்சு, இந்த அளவுல வெளியில கிடைக்காது" என்றார். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரிலும் ஏற்கெனவே இதையேதான் சொல்லியிருந்தார்கள், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

இரண்டு பொருளின் முகப்பிலும் ஒரே பெயர். எந்தப் பெயர் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனியோடு நிற்கிற சங்கதி இல்லை. லட்சக்கணக்கில் விலை வைத்து விற்ற ஒலிக்கருவிப் பெயர்கள் எல்லாம் கடந்த 15, 20 வருடமாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கின்றன. ஹெட்செட், சவுண்ட்பார், கார் ஸ்டீரியோ, லேப்டாப் ஓரத்தில் ஒரு முத்திரை. அப்படி இறங்கி வந்தால் மேலே சம்பாதித்த மரியாதை மிஞ்சுமா? மிஞ்சும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இறங்கி வருவது எது என்று பார்க்க வேண்டும்.

விலையுயர்ந்த ஸ்பீக்கரில் காசு எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு பங்கு சரக்கிலேயே போகிறது: அசையாத கனமான பெட்டி, பெரிய காந்தம், செம்பு, ஆம்ப்ளிஃபயருக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஜோடியில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும்படி ஒவ்வொன்றாக அளந்து பொருத்துகிற வேலை. இன்னொரு பங்கு அறிவில் போகிறது: கோனின் வளைவு எப்படி இருக்க வேண்டும், மேல் சுருதி எழுப்பும் ட்வீட்டர் எங்கே உட்கார வேண்டும், எந்தச் சுருதியை எவ்வளவு அடக்க வேண்டும் என்பதற்கு வருடக்கணக்காகச் செய்த ஆராய்ச்சி. முதல் பங்கை மலிவாக்க முடியாது, செம்பு செம்புதான். இரண்டாவதை ஆயிரம் ஜோடிக்குச் செலவழித்தாலும் பத்து லட்சம் ஜோடிக்குச் செலவழித்தாலும் மொத்தச் செலவு ஏறக்குறைய ஒன்றே, ஆகவே அதைத் தாராளமாகக் கீழே கொண்டுவரலாம்.

இதை நன்றாகச் செய்து காட்டியது இங்கிலாந்தின் கெஃப். ரேமண்ட் குக் என்பவர் 1961-ல் மெய்ட்ஸ்டோனில் தொடங்கிய கம்பெனி. 1988-ல் யூனி-க்யூ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ட்வீட்டரை, கீழ்ச் சுருதி எழுப்பும் வூஃபருக்கு மேலே தனியாக வைக்காமல் கோனின் நட்டநடுவிலேயே உட்காரவைத்தார்கள், அதனால் மேல் சுருதியும் கீழ்ச் சுருதியும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும், அறையில் எங்கே உட்கார்ந்தாலும் பாடகர் ஒரே இடத்தில் நிற்பார். சின்ன அளவிலேயே பலமாக இழுக்கிற நியோடிமியம் காந்தம் கிடைத்ததால்தான் இது நடந்தது. 2011-ல் பிளேடு என்று ஒரு ஸ்பீக்கர் விட்டார்கள், ஜோடி 30,000 டாலர். அந்த உழைப்பில் கற்றதை வைத்து அடுத்த வருடமே கம்பெனியின் 50-வது ஆண்டுக்காக எல்எஸ்50 என்ற சின்ன ஸ்பீக்கரை 1,500 டாலருக்கு விட்டார்கள். பிளேடு வாங்கியவர் யாரும் நம் மானம் போயிற்று என்று வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எல்எஸ்50 கேட்டவர்கள்தான் இவ்வளவு சின்னதே இப்படி என்றால் பெரியது எப்படி இருக்கும் என்று மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

இங்கிலாந்தின் இன்னொரு ஸ்பீக்கர் கம்பெனியான பவர்ஸ் அண்ட் வில்கின்ஸும் அப்படித்தான். 1970களிலிருந்து கெவ்லார் என்ற செயற்கை இழையில் நெய்த கோன் அவர்கள் அடையாளம், அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். 2015-ல் அதைக் கைவிட்டு கன்டினியம் என்ற புதுக் கோனை உச்சத்து 800 வரிசையில் வைத்தார்கள். 2017-ல் அது 700 வரிசைக்கு இறங்கியது, 2018-ல் ஆரம்ப விலை 600 வரிசைக்கு. மூன்று வருடத்தில் மாடியில் இருந்தது திண்ணைக்கு வந்துவிட்டது. பெட்டி லேசானது, மெருகு குறைந்தது, ஆனால் ஒலியைத் தீர்மானிக்கிற பாகம் வந்து சேர்ந்தது.

சென்ஹைசர் கதையில் ஒரு துண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பக்கம் 1991-ல் ஆர்ஃபியஸ் என்ற ஹெட்ஃபோனை வெறும் 300 மட்டும் செய்து, ஒவ்வொன்றும் ஒரு கார் விலைக்கு விற்ற கம்பெனி அது. இன்னொரு பக்கம் நம் ஊரில் காலேஜ் பிள்ளைகள் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்த சிஎக்ஸ் 180 ஹெட்செட்டும் அவர்களுடையதுதான். 2016 வாக்கில் எச்டி 650 என்ற புகழ்பெற்ற ஹெட்ஃபோனை நிறம் மாற்றி, சாதாரண அட்டைப்பெட்டியில் போட்டு, எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் ஒரு இணையக் கடை வழியாக விற்றார்கள். பட்டியல் விலையில் பாதிக்கும் கீழே. உள்ளே அதே ஒலி. அதனால் 650-ன் மதிப்புக் குறைந்ததா? இல்லவே இல்லை, அதுவரை அந்த ஒலியைக் கேட்காத ஒரு தலைமுறையே அதைக் கேட்டது, தெருத்தெருவாகப் பேசியது.

இதில் ஒரு தடையும் உண்டு, அது இயற்கையின் தடை. 40 ஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்ந்த ஒலியின் அலை நீளம் சுமார் எட்டரை மீட்டர். அதை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ் என்கிற கீழ்ச் சுருதி, குறைந்த மின்சாரத்தில் பெரிய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். இப்போதைய ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் இதை உள்ளே இருக்கும் மென்பொருளால் சமாளிக்கின்றன. சத்தம் குறைவாக வைத்தால் பேஸைத் தூக்கிவிடும், கூட்டக் கூட்ட கோன் கிழிந்துவிடாமல் இருக்கப் பேஸை ஓசைப்படாமல் குறைத்துக்கொண்டே வரும். கல்யாண வீட்டுத் தவில் பதிவு ஒன்றைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள். மெதுவாக வைக்கும்போது தொப்பி என்கிற இடப்பக்கம் விழுகிற குச்சியடி வயிற்றில் கேட்கும், முழுச் சத்தத்தில் விரலால் வாசிக்கிற வலப்பக்கத்து வலந்தலை மட்டும் தகதகவென்று நிற்கும். இதையும் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிற இடத்துக்குள் செய்த நல்ல வேலை. அந்த மென்பொருளை எழுதுவதற்கும் நன்றாகக் கேட்கத் தெரிந்த காது வேண்டும், அந்தக் காது பெரிய கம்பெனிகளில்தான் இருந்தது.

சரி, மரியாதை எங்கே போகிறது? வேலை செய்த ஆட்களும் அறிவும் மேலேயே நின்றுவிட்டு, பெயர் மட்டும் தனியாக இறங்கி வரும்போது.

ஏகேஜி 1947-ல் வியன்னாவில் பிறந்தது. அதன் மைக்குகளுக்கு முன்னால் நின்று பாடாத பெரிய பாடகர்கள் உலகத்தில் குறைவு. 1990களில் ஹார்மன் என்ற அமெரிக்க ஒலிக்கருவிக் கம்பெனி அதை வாங்கியது, ஹார்மனை சாம்சங் 8 பில்லியன் டாலருக்கு 2017-ல் வாங்கி முடித்தது. அதே வருடம் வந்த கேலக்ஸி எஸ்8 டப்பாவுக்குள் ஏகேஜி என்று எழுதிய ஹெட்செட் ஒன்று இலவசமாக இருந்தது. அதே வருடம்தான் வியன்னாவில் இருந்த ஏகேஜி அலுவலகமும் மூடப்பட்டது. வேலை போனவர்கள் சேர்ந்து ஆஸ்ட்ரியன் ஆடியோ என்று வேறு பெயரில் மைக் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வருடக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: பெயர் உலகம் முழுக்க ஃபோன் டப்பாவில் போகிறது, அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவர்கள் வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஹெட்செட் ஒன்றும் மோசமில்லை, நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் ஏகேஜி என்று சொன்னால் இங்கே பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது ஃபோனோடு வந்த ஒயர்தான்.

மார்க் லெவின்சன் என்பவர் 1972-ல் தன் சொந்தப் பெயரிலேயே ஆம்ப்ளிஃபயர் கம்பெனி தொடங்கினார். பின்னாளில் கம்பெனி கைமாறியது, பெயரும் அதோடு போயிற்று. அவர் வேறு பெயர்களில் கம்பெனி நடத்த வேண்டியதாயிற்று, அவர் பெயரோ லெக்சஸ் காருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாகமிச்சி என்ற பெயரை கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் ஓடும் எத்தனையோ வண்டிகளின் டேஷ்போர்டில் பார்க்கலாம். 1948-ல் ஜப்பானில் தொடங்கிய கம்பெனி, 1973-ல் அழிக்க, பதிய, கேட்க என்று தனித்தனியாக மூன்று தலை வைத்த கேசட் டெக், 1982-ல் டிராகன் என்ற டெக். கேசட்டிலிருந்து இவ்வளவு ஒலி எடுக்க முடியுமா என்று உலகமே வியந்த பொருள்கள் அவை. 2002-ல் கம்பெனி திவாலானது, பெயர் வேறு கைக்குப் போனது. இன்று கார் டேஷ்போர்டில் இருக்கும் திரைக்கும் அந்த டெக் செய்தவர்களுக்கும் எழுத்தைத் தவிர எந்த ஒட்டும் உறவும் இல்லை. சான்சுய், அகாய் டிவிகளை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

அறிவோடு இறங்குவது, பெயர் மட்டும் இறங்குவது என்ற இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது பேங் அண்ட் ஓலுஃப்சென். பீட்டர் பேங், ஸ்வென் ஓலுஃப்சென் என்ற இரண்டு இளைஞர்கள் 1925-ல் டென்மார்க்கில் ஸ்ட்ரூவர் என்ற சின்ன ஊரில் தொடங்கியது. 1972-ல் யாக்கோப் யென்சென் வடிவமைத்த பியோகிராம் 4000 என்ற ரெக்கார்ட் பிளேயரில், முள் தாங்கும் கை வட்டமாகத் திரும்பாமல் நேர்கோட்டில் நகரும். இன்று பார்த்தாலும் நாளைக்குச் செய்த பொருள் மாதிரி இருக்கும். வீட்டில் நகை வைத்திருப்பது போல இதை வைத்திருந்தார்கள். ஆனால் இசை ஃபோனுக்குள் போய்விட்ட காலத்தில் அந்த விலைக்கு வாங்க ஆள் குறைந்தது. 2012-ல் பி அண்ட் ஓ ப்ளே என்று தனிப் பெயரில் இளைஞர்களுக்கான ஹெட்ஃபோன், சின்ன ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்தார்கள். பொருள்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன, தோலும் அலுமினியமும் தொட்டாலே தெரியும். 2015-ல் கார் ஆடியோ பிரிவை ஹார்மனுக்கு விற்றார்கள், அதே வருடம் எச்பி லேப்டாப்களில் அவர்கள் முத்திரை வர ஆரம்பித்தது. 2018-ல் ப்ளே என்ற தனிப் பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தாய்ப்பெயரின் கீழ் கொண்டுவந்தார்கள்.

அங்கேதான் தவறினார்கள் என்பது என் எண்ணம். பொருளைவிட அது விற்கிற இடம் பெரிதாகப் பேச ஆரம்பித்தது. தனிக் காட்சிக்கூடத்தில் நின்ற பெயர் எல்லாக் கடையிலும் மற்ற ஹெட்ஃபோன்களுக்கு நடுவில் கொக்கியில் தொங்கியது, பண்டிகைத் தள்ளுபடியில் வந்தது. ஒரு பொருள் இந்த மாதம் இந்த விலை, அடுத்த மாதம் அதில் முக்கால் என்று ஆகிவிட்டால், முழு விலை கொடுத்தவருக்கு மனசு விட்டுப்போகும். லேப்டாப்பின் அகலத்துக்குள் வைத்த ஸ்பீக்கரை எவ்வளவுதான் சரிப்படுத்தினாலும் அது லேப்டாப் ஸ்பீக்கர்தான், அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைத்தான் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். அப்புறம் 2020-ல் ஒரு காரியம் செய்தார்கள். பழைய பியோகிராம் 4000 வரிசையில் 95 பிளேயர்களைத் திரும்ப வாங்கி, ஸ்ட்ரூவரிலேயே கழற்றி, சுத்தம் செய்து, புதுப்பித்து, 4000சி என்று விற்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் செய்ததை இன்றும் எங்களால் பிரித்துக் கோர்க்க முடியும் என்று காட்டினார்கள். கொக்கியில் தொங்கிய ஹெட்ஃபோன்கள் கரைத்த மதிப்பை எந்த விளம்பரத்தையும்விட இது அதிகமாக மீட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜேபிஎல்லுக்கு ஏன் இந்தத் தவிப்பு இல்லை என்று கேட்கலாம். அது முதலிலிருந்தே வேலை செய்கிற இடத்துப் பெயர். தியேட்டர், மேடை, ஸ்டுடியோ. பணக்காரர் வரவேற்பறையை மட்டும் நம்பி வளராததால், தண்ணீரில் விழுந்தாலும் பாடுகிற உருளை ஸ்பீக்கர் வந்தபோது யாருக்கும் உறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் கொஞ்சம் தேயிலை உண்டு, கோத்தகிரிப் பக்கம். இந்தப் பெயர்க் கதையை நாங்கள் சொந்த அனுபவத்தில் பட்டவர்கள் என்பதால் அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. நீலகிரித் தேயிலை என்றால் மணம். பனிக்காலத்துக் கொழுந்தில் அந்த மணம் தனியாகத் தெரியும். ஆனால் சோவியத் நாடு மொத்தம் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எடைதான் பேசியது. ஈரிலை ஒரு கொழுந்து என்று கிள்ளிய கைகள் நாலு இலை, ஐந்து இலை, முற்றல், காம்பு என்று வாரிப் போட்டன. ஃபேக்டரியும் கேட்கவில்லை, வாங்குகிறவரும் கேட்கவில்லை. 1991-ல் சோவியத் உடைந்தது, 90களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை படுத்தேவிட்டது. அப்போது மற்றவர்களிடம் போய் நாங்கள் நீலகிரி என்றால், நீலகிரியா, அது சும்மா கலப்புக்குப் போடுகிற சரக்கு அல்லவா என்றார்கள். மலை அதே மலை, செடி அதே செடி. பெயரை மீட்க எத்தனை வருடம் ஆயிற்று! இலையை உருட்டிப் பழைய முறையில் செய்கிற நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு 2008-ல் வந்தது, இன்னும் வேலை முடியவில்லை.

அதற்காக மலிவான தேயிலையே தப்பு என்று நான் சொல்லவில்லை. டீக்கடை மாஸ்டருக்கு வேண்டியது டஸ்ட் என்கிற தூள், அது பாலைத் தாண்டி நிறமும் கடுப்பும் கொடுக்க வேண்டும், அதில் மணம் தேடுவது தப்பு. டஸ்ட் டஸ்ட் என்ற பெயரிலேயே நேர்மையாக விற்கிறது, அதனால் யார் மரியாதையும் குறைவதில்லை. முற்றல் இலையைக் கொழுந்து என்று சொல்லி விற்றபோதுதான் கெட்டது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் குறியீடு வாங்கியதற்கும் அந்தப் பயம்தான் காரணம், சமவெளிப் பூண்டு அதே பெயரில் சாக்கில் ஏறிவிடக் கூடாது என்ற பயம்.

இதில் கடைசியாக ஒன்று, என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரியது, பழுது பார்ப்பது. சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997-ல். அதன் காதுப் பஞ்சு, ஒயர், தலைப்பட்டை எல்லாம் கையாலேயே கழற்றி மாற்றலாம், ஆகவே இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. விலையுயர்ந்த பெயர் என்று நாம் நம்பியதில் பாதி இந்த ஆயுள்தான். கெட்டால் பார்த்துக் கொடுப்பார்கள், பாகம் கிடைக்கும், பிள்ளைக்குக் கொடுக்கலாம். மலிவு விலைக்கு இறங்கும்போது கம்பெனிகள் ஒலியைக்கூடக் கொண்டுவந்துவிடுகிறார்கள், இதைத்தான் மேலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பேட்டரி எப்படியும் சில வருடத்தில் தளரும் என்று தெரிந்தே அதைப் பசைக்குள் புதைக்கிறார்கள். நான்கு ஸ்குரூ போட்டு ஒரு மூடி வைத்திருந்தால் எவ்வளவு விலை ஏறியிருக்கும்? ஏறினால் ஏறட்டும், நான் கொடுத்திருப்பேன்.

இப்போது பெரிய பெயர்கள் எல்லாம் ஒன்றிரண்டு வீட்டுக்குள் அடங்கிக்கொண்டிருக்கின்றன. 2024 நவம்பரில் போஸ் கம்பெனி, நீல நிற மீட்டருக்குப் பேர்போன ஆம்ப்ளிஃபயர் கம்பெனி மக்கின்டாஷை வாங்கியது. 2025-ல் ஹார்மன் 350 மில்லியன் டாலருக்கு பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனான், மரான்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக வாங்கியது. ஏகேஜிக்கு நடந்தது அவற்றுக்கும் நடக்குமா, அல்லது 600 வரிசைக்குக் கோன் இறங்கிய மாதிரி நல்லவிதமாக இறங்குமா என்பதை அடுத்து வரும் மலிவுப் பொருள்களில் பார்க்கலாம். நான் முதலில் பார்க்கப் போவது முகப்பு எழுத்தை அல்ல, அடியைத் திருப்பி ஸ்குரூ இருக்கிறதா என்று.

குன்னூர் அண்ணன் எஸ்டேட் ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்து, ஃபோனில் ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டார். கடைக்கு வெளியே காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் ஒருவர் தவில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னுடையதன் பேட்டரியை வெட்டி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களையும் வெளியே எடுத்து, அதே பாட்டை அவற்றிலும் கொடுத்துப் பார்த்தார். பெட்டி இல்லாமல் ஒல்லியாகத்தான் கேட்டது, ஆனாலும் நாதஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் உதறல்வரை சுத்தமாக இருந்தது.

"ஸ்பீக்கர் ரெண்டும் தங்கமா இருக்கு தம்பி, இத தூக்கிப் போடாத. மரத்துல ஒரு பெட்டி செஞ்சு கொண்டா, வெளியில இருந்து கரண்ட் குடுத்து ஓட விட்டுரலாம்."

தோட்டத்தில் போன காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக் ஒன்று அறுத்த பலகையாகக் கிடக்கிறது. காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.